மண்ணுக்குள் புதைத்த மோட்டார்

எங்கள் குடும்பத்தில் ரயில் விட்ட ஒரே ஆள் என் சித்திதான். இதை இன்றும் யாரிடம் சொன்னாலும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வேன்.

அப்போது சித்தி மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டிலேயே தங்கியிருந்தாள். டிப்ளமோ படித்தவள். ஒசூரில் ஒரு தொழிற்சாலையில் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக ஏசி அறையில் உட்கார்ந்து, நாள் முழுக்கச் சின்னச் சின்ன உதிரிகளைப் பொருத்துவது அவள் வேலை. இயந்திரங்களைப் பழுது பார்க்கும் மெயின்டனன்ஸ் பிரிவுக்கு மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தாள். "அதெல்லாம் ஆம்பளைங்க வேலையாம்க்கா" என்று அம்மாவிடம் பொருமுவாள். எனக்கு ஏழு வயது. ஏசி அறையை விட்டுவிட்டு இவள் எதற்கு அலைகிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை.

அந்த வருடம் தொழிற்சாலைத் தோட்டத்தில் குடும்ப விழா. சித்தி பொம்மை ரயில் விடுவதாகப் பெயர் கொடுத்தாள். ரயிலை ஓட்டுவது பெரிய காரியமில்லை. அது ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திரும்புகிற இடத்தில்தான் இருந்தது அவள் வித்தை. காயலான் கடையில் பழைய கார் கதவின் பூட்டு மோட்டாரைப் பிடித்து, டிபன் டப்பாவுக்குள் வைத்து, தண்டவாளத்தை ஒட்டி மண்ணில் புதைத்தாள். ஒயர் சொட்டுநீர்க் குழாய்க்குள் ஓடியது. டப்பா மூடிமேல் பர்கூர்க் கல் சில்லுகளை ஒட்டினாள். பட்டன் கால்மிதிக்குக் கீழே. செருப்பைக் கழற்றிவிட்டுப் பெருவிரலால் ஓர் அழுத்து. யார் கையும் படாமல் ரயில் திரும்பியது.

"யாரு கேட்டாலும் வாயத் தொறக்காத பாப்பா. எப்படித் திரும்புதுன்னு அவங்களே தேடித் தேடிப் பாத்துட்டு எங்கிட்ட வந்து கேக்கணும்."

நான் வாயைத் திறக்கவில்லை. அதோடு நின்றிருக்கலாம். டப்பாவிலிருந்து போய்த் தண்டவாளத்தை நகர்த்தும் கம்பி ஒரு விரல் நீளம் வெளியே தெரிவதைக் கண்டுபிடித்தேன். சித்தியே கவனிக்காததை நான் கவனித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கை கல் சில்லை அள்ளி அதன்மேல் கொட்டி மூடினேன்.

பெரிய அதிகாரிகள் வந்து நின்றார்கள். சித்தி காலை அழுத்தினாள். ரயில் திரும்பாமல் தடுமாறிப் பக்கவாட்டில் சாய்ந்தது. யாரோ சிரித்தார்கள். சித்தியின் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு சட்டென்று மண்டியிட்டு, அத்தனை பேர் முன்னாலும் மூடியைத் திறந்துவிட்டாள். மோட்டார், ஒயர், டப்பா எல்லாம் பட்டப்பகலில் வெட்டவெளிச்சம். தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, தண்டவாள இடுக்கில் சிக்கியிருந்த சில்லைத் தட்டி எடுத்தாள்.

மெயின்டனன்ஸ் பிரிவின் மேலதிகாரி கர்நாடகப் பக்கத்துக்காரர். பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவள் எதிரில் குந்தினார். "இதன்ன யாரு மாடித்து?" இதைச் செய்தது யார் என்று கன்னடத்தில் கேட்டார்.

"நானே சார்."

அவர் கேட்கக் கேட்க அவள் ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினாள். கால்மிதியைக்கூடத் தூக்கிக் காட்டிவிட்டாள். ரயில் மறுபடி ஓடித் திரும்பியபோது எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் ரகசியம் போயிற்றே என்று அழுதுகொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் சித்தி வெள்ளைக் கோட்டு இல்லாமல், அந்த மெயின்டனன்ஸ் சார் போட்டிருந்த மாதிரி நீலச் சட்டையில் வந்தாள். முழங்கைவரை கிரீஸ். சோப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"நான்தான் கல்லு கொட்டுனேன் சித்தி. அந்த சார்கிட்ட நானே சொல்றேன். உன்னோட பழைய வேலையவே குடுக்கச் சொல்றேன்."

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். சோப்பை வாங்கவே இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து வந்து அந்தக் கறுத்த கைகள் இரண்டையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். தண்டனை வாங்கி வந்தவளை இப்படியா கொஞ்சுவார்கள் என்று எனக்கு இருவர் மேலும் கோபம் கோபமாக வந்தது.