துப்பறிவாளர் திருவிடந்தை போகிறார்

போன வெள்ளிக்கிழமை ஒரு மனிதரை ரகசியமாகப் பின்தொடர்ந்தேன். நிஜமாகத்தான். ஸ்கூட்டரில், ரெயின்கோட் போட்டுக்கொண்டு...

அவர் வேறு யாருமல்ல, என் நண்பர் ரகுநாதன். நாவலூரில் எங்களுக்குப் பக்கத்து ஃபிளாட். மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. சனிக்கிழமை மதியமானால் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, இருவரும் பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்கள் பார்ப்போம். மழையில் பளபளக்கும் தெரு, தொப்பி, சிகரெட் புகை, பாதி முகத்தில் விழும் நிழல்... வெளியே ஓ.எம்.ஆர். சாலை இரைந்துகொண்டிருக்கும். நாங்கள் வேறு ஏதோ ஊரில் மிதந்துகொண்டிருப்போம்.

கொலைகாரன் யாரென்று தெரிந்த படத்தையே ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்? யோசித்ததே இல்லை – ரகுவின் மகள் வித்யா வந்து நிற்கும்வரை.

"அங்கிள், அப்பா வெள்ளிக்கிழமையானா எங்கயோ போறார். போன் ஆஃப். கேட்டா மழுப்பறார். ஏதோ பெரிய வியாதிய எங்கிட்ட மறைக்கிறார்னு பயமா இருக்கு. இப்படி விட்டுட்டு நான் எப்படி புனே போவேன்? அந்த வேலை வேண்டாம்னு திங்கட்கிழமை சொல்லிடப் போறேன்."

ஆசைப்பட்டுக் காத்திருந்து கிடைத்த வேலை அது. விடலாமா?

ரகு ஏறிய ஆட்டோ கோவளம் தாண்டியது. தூறல். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். உலகத்தில் இருந்த வண்ணமெல்லாம் கரைந்து போய்விட்டது. எனக்குப் பின்னணி இசைகூடக் கேட்டது! ஆட்டோ நின்றது ஆஸ்பத்திரி வாசலில் அல்ல... திருவிடந்தை பெருமாள் கோயிலில்.

கல்யாணம் ஆக வேண்டியவர்கள் வரும் கோயில். பெருமாளுக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றுவார்கள். அதை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாகக் கொண்டு வருவார்கள். இவருக்கு இங்கே என்ன வேலை?

பூக்கடை அம்மாவிடம் விசாரித்தேன். "அவரா? வாரா வாரம் வந்துகினு கீறாரு. மாலைய எடுப்பாரு, பார்ப்பாரு, வெச்சிட்டுப் போயிடுவாரு. இன்னா பேஜாரோ, பாவம்!"

படமாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு மர்மப் பெண் வர வேண்டும். மண்டபத்தில் உட்கார்ந்திருந்த ரகுவிடம் நேரே போனேன். "யாருய்யா அந்தப் பொண்ணு?"

திடுக்கிட்டார். அப்புறம் மெல்லச் சொன்னார்: "யாரும் இல்லய்யா. வித்யா போயிடுவா. போகட்டும், நல்ல வேலை. சாப்பிடும்போது எதிர்ல ஒரு ஆள் இருந்தா நல்லாருக்கும்னு தோணுது. இந்த வயசுல இதைப் போய் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது?"

அந்தப் படங்கள் ஏன் அலுப்பதில்லை என்று அப்போதுதான் புரிந்தது. குற்றவாளிக்காக இல்லை. அவ்வளவு பெரிய ஊரில் தனியாகப் போகிற ஓர் ஆள் எங்கே போகிறான், ஏன் போகிறான் என்று தெரிந்துகொள்ள இன்னொருவன் மழையில் நனைகிறானே... அந்த ஆறுதலுக்காகத்தான்.

"உனக்கு ஏதோ வியாதின்னு நெனச்சு, அவ அந்த வேலையே வேண்டாம்னு சொல்லப் போறாய்யா" என்றேன். "ஐயோ, இன்னிக்கே அவகிட்ட சொல்லிடறேன்" என்று பதறி எழுந்தார்.

மாலை வாங்கினார். சுற்றி வந்தார். வெளியே வந்ததும் மறுபடி தயக்கம். "இது உன் வீட்லயே இருக்கட்டுமே..."

பூக்கடை அம்மா விடவில்லை. "அண்ணாத்த, மாலை உன் வூட்லதான் இருக்கணும். அவரு வூட்ல வெச்சா அவரு சம்சாரம் சும்மா வுடுமா?"

கதவைத் திறந்த வித்யா மாலையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையேப்பா?"

"இல்லம்மா."

மாலையை வாங்கி, அம்மா படத்துக்குப் பக்கத்து ஆணியில் அவளே மாட்டினாள். ரகு குழந்தை மாதிரி அழுதார்.

திங்கட்கிழமை வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள். "மாலை வந்தாச்சு அங்கிள். ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியது உங்க பொறுப்பு."

எந்தத் துப்பறிவாளனுக்காவது இப்படி ஒரு பதவி உயர்வு கிடைத்திருக்குமா – கல்யாணத் தரகன்!