மங்கலம் ரோட்டில் நின்றுபோன ஸ்கூட்டர்

டுர்ர்ர்... டுர்... டு...

அப்புறம் சத்தமே இருக்காது. ரெண்டு பக்கமும் கரும்புத் தோகை உரசுவது மட்டும் கேட்கும். சூடான சைலென்சர் 'டிக் டிக்' என்று ஆறும். பின்சீட்டிலிருந்து சரோஜா இறங்கி நிற்பாள்.

எண்பதுகளின் தொடக்கம். வில்லியனூர் கடைத்தெருவில் எங்களுக்கு மளிகைக் கடை. தை மாசம் எனக்கும் சரோஜாவுக்கும் கல்யாணம். அவளுக்குப் பாகூர், கரும்பும் நெல்லும் வைக்கிற குடும்பம். மாமனார் புக் பண்ணி வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய ஸ்கூட்டரைச் சீராகக் கொடுத்தார். எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் ஸ்கூட்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ரெண்டு மாசம் நன்றாக ஓடியது. அப்புறம் பிடித்தது சனி. நாலைந்து கிலோமீட்டர் ஓடும், நின்றுவிடும். நான் சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டிப் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். மூடிவிட்டு உதைத்தால் கிளம்பிவிடும். மறுபடி நாலைந்து கிலோமீட்டர்...

ரயில்வே கேட் பக்கம் மெக்கானிக் அந்தோணி பட்டறை வைத்திருந்தார். பிளக்கை உப்புத்தாளில் தேய்த்தார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். சைலென்சரை வைக்கோலில் போட்டுக் கொளுத்திக் கரியைத் தட்டினார். வளைவில் ஹேண்டில் ஆடுகிறது என்றேன். முன்சக்கரத்தில் காற்று கம்மி என்று அதையும் சரி செய்தார். ஆட்டம் போய்விட்டது. வண்டி நிற்பது மட்டும் நிற்கவில்லை.

"எஞ்சின் தங்கம்ணே. இன்னா கேடுன்னுதான் தெரியல" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

"அவ காலு வச்ச நேரம்டா. கூட வந்த வண்டியே ஓட மாட்டேங்குது, குடும்பம் எங்க ஓடும்?"

சரோஜா காதில் விழும்படிதான் சொல்வாள். கடையில் புளி மூட்டை நனைந்தாலும் பழி அவள் மேல்தான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைக்க மாமனார் வந்தார். அவர் பஸ்ஸில் முன்னால் போனார், நாங்கள் ஸ்கூட்டரில் கிளம்பினோம். கிளம்புகிற நேரம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஆவணி பொறந்ததும் இட்டுக்கினு வந்துடாத. அங்கியே இருக்கட்டும். கெட்ட நேரம் கழியட்டும்."

எத்தனை நாள் என்று சொல்லவில்லை. சரோஜாவுக்கும் அது கேட்டிருக்கிறது. வழியெல்லாம் அவள் என் தோளைப் பிடிக்கவே இல்லை.

மங்கலம் தாண்டியதும் வழக்கம்போல் நின்றது. மூடியைத் திறந்தேன்.

"இருங்க... ஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே, கேட்டீங்களா?" என்றாள் சரோஜா.

"எப்பவும் வர்றதுதான்."

"காத்து உள்ள போவுதுங்க. கடையில எண்ணெ டின்னுக்கு எத்தினி ஓட்ட போடுவீங்க?"

"ரெண்டு."

"ஒண்ணே ஒண்ணு போட்டா?"

எண்ணெய் இறங்காது. காற்று போக ஒரு வழி வேண்டும். தினம் நாலு டின் உடைக்கிறவனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்!

மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை. வெளிப்பக்கம் அதே இடத்தில் காய்ந்துபோன சந்தனம், அதன்மேல் குங்குமம்.

வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா வண்டிக்குப் பொட்டு வைப்பாள். விளக்குக்கு ஒன்று, ஹேண்டிலுக்கு ஒன்று, சீட்டைத் தூக்கிப் பெட்ரோல் மூடிக்கு ஒன்று. அதுதான் வண்டிக்கு வாயாம், அங்கே திருஷ்டி படக் கூடாதாம். வாரா வாரம் அப்பி அப்பி ஓட்டை அடைத்துவிட்டது. அந்தோணியோ சாமிப் பொட்டு என்று அதன்மேல் கை படாமல் மூடியைக் கழற்றிக் கழற்றி வைத்திருக்கிறார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"வண்டியத் திருப்பறேன். இப்பவே போயி அம்மா மூஞ்சிக்கு நேரா காட்டறேன்."

சரோஜா கையைப் பிடித்தாள்.

"காட்டி? தெருவே அவங்கள பாத்து சிரிக்கும். அப்புறம் அந்த வூட்ல நான் எப்பிடி வாழறது?"

"சரி, சொல்லல. தொடச்சாவது வுடறேன்."

"தொடைக்காதீங்க. நான் அங்க இல்லாதப்ப வண்டி நல்லா ஓடினா அத்தை இன்னா சொல்லுவாங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆடி முழுக்க அப்பிடியே நிக்கட்டும். என்னை இட்டுக்கினு போறப்ப தொடைச்சிக்கலாம்" என்றாள்.

அப்படியே விட்டேன். நடுவில் ஒருநாள், சேதராப்பட்டில் சின்னம்மா வீட்டில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று அம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன். பாதி வழியில் நின்றது. மூடியைத் திறந்தால் கிளம்பும் என்று தெரியும். திறக்காமல் தள்ளினேன்... அம்மா வெயிலில் பின்னாலேயே நடந்து வந்தாள்.

"அவ இல்லன்னாலும் நிக்குதேடா..." என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "வண்டி கெடக்குது. ஆவணி பொறந்ததும் போயி அந்தப் பொண்ண இட்டுக்கினு வா. வூடே வெறிச்சினு கீது."

ஆவணி முதல் நாள், பாகூர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, சரோஜா கொண்டையூசியால் அந்தச் சந்தனத்தைக் குத்தி எடுத்தாள். வில்லியனூர் வரைக்கும் ஒரே ஓட்டம்.

வாசலில் அம்மா கேட்டாள், "நிக்கவே இல்லியாடா?"

"ஒரு தரம்கூட இல்லம்மா."

அம்மா உள்ளே ஓடிப்போய் ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்தாள். அந்த வாரம் முழுக்கத் தெருவில் அவளுக்கு அதே பேச்சு. "என் மருமவ வந்து குந்தினாத்தான் அந்த வண்டிக்கு உசுரே வருது!"

வெள்ளிக்கிழமை சரோஜா சந்தனக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "குடுங்கத்தே, இனிமே நான் வெக்கறேன்." பொட்டு கொஞ்சம் ஓரமாக நகர்ந்தது, அவ்வளவுதான்.

இப்போது மகன் வண்டியில் ஏதாவது கோளாறு என்றால் போனிலேயே சொல்லிவிடுகிறான். ஆள் வந்து எடுத்துப் போய், சரி செய்து கொண்டுவந்து விடுகிறார். வண்டி நின்றால் மருமகள் ராசியை யாரும் இழுப்பதில்லை. எவ்வளவோ தேவலை. என்ன, மங்கலம் ரோட்டில் நாங்கள் ரெண்டு பேரும் இறங்கி நிற்பதற்கு இப்போது ஒரு காரணமும் இல்லை...

அம்மா போய் ரொம்ப வருஷம் ஆகிறது. படுக்கையில் இருந்தபோது சரோஜா கையால் மட்டும்தான் சாப்பிட்டாள். கடைசி வரை சந்தன விஷயம் அவளுக்குத் தெரியாது.

இதை எழுதப் போகிறேன் என்று சரோஜாவிடம் சொன்னேன். "எழுதுங்க. ஆனா அத்தை மேல தப்புன்னு எழுதாதீங்க. நமக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான் வெச்சாங்க."

எழுதவில்லை சரோஜா. நன்றிதான் எழுதுகிறேன். பேச வேண்டிய நேரத்தில் வாய் திறக்காத ஒரு புருஷனைக் கட்டிக்கொண்டு, அந்த வீட்டில் உனக்கான இடத்தை நீயே சம்பாதித்துக்கொண்டாய். நான் செய்ததெல்லாம் ஒரு மாசம் வண்டியைத் தள்ளியது மட்டும்தான்.