ஒதுக்கி வைத்த சிறு உருண்டைகள்

விருதுநகரில் எண்ணெய் பரோட்டாக் கடை வைத்திருக்கும் அய்யாதுரைக்கு, இலை முன்னால் உட்கார்ந்தவரிடம் "போதுமா?" என்று கேட்டுப் பழக்கமில்லை. "இன்னொண்ணு வைக்கவா?" என்றுதான் வாயில் வரும். பசியோடு வந்தவன் கையைப் பிடித்துத் தடுப்பது பாவம் என்பது அவருடைய நம்பிக்கை.

அவருடைய பள்ளித் தோழர் பால்பாண்டி, பட்டாசு லோடு அனுப்பும் லாரி ஆபீஸ் நடத்துபவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் வருவார். வர வர, பெஞ்சில் இரண்டு பேர் இடம் அவர் ஒருவருக்கே தேவைப்பட்டது.

ஆடி மாதத்தில் ஒரு மதியம், பால்பாண்டியின் மனைவி கற்பகவல்லி கடைக்கு வந்தாள். மாவு ஊறிக்கொண்டிருந்த நேரம், கடையில் ஆளில்லை.

"அண்ணே, அவுகளுக்கு நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. எடையைக் குறைக்கலன்னா இதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்டுல நான் பார்த்துக்கிடுவேன். இங்கன நீங்க குறைச்சுப் போடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீக."

அய்யாதுரை சரி என்றார். ஆனால் சாப்பிட உட்கார்ந்த நண்பனிடம் "தின்னாதே" என்று எப்படிச் சொல்வது? சொல்லாமலே செய்யலாம் என்று முடிவு செய்தார். பால்பாண்டிக்கென்று சின்ன உருண்டைகளாகப் பிடித்துத் தனித்தட்டில் ஒதுக்கி வைத்தார். அவற்றை எண்ணெய்ச் சட்டியில் முக்காமல் கல்லில் வாட்டி எடுத்தார். சால்னாவில் மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் தள்ளிவிட்டு அடியிலிருந்து ஊற்றினார்.

சில வாரங்கள் ஓடின. ஒரு ஞாயிறு, பால்பாண்டி தன் பரோட்டாவைத் தூக்கிப் பக்கத்து இலைக்காரருடையதோடு வைத்துப் பார்த்தார்.

"ஏலே மாப்ளே, இது என்ன பரோட்டாவா, அப்பளமா?"

கடையே சிரித்தது. "மாஸ்டர் புதுசுலே, கை பழகல" என்று அய்யாதுரை சமாளித்தார்.

பால்பாண்டி எழுந்து அடுப்படிக்கே வந்துவிட்டார். ஒதுக்கி வைத்த தட்டு கண்ணில் பட்டது.

"இது யாருக்கு?"

அய்யாதுரை தட்டைத் துணியால் மூடப் போனார்.

"எனக்கா? ஊருக்கெல்லாம் ஒரு உருண்டை, எனக்கு ஒரு உருண்டையா? நான் திங்கிறது உனக்கு அம்புட்டு உறுத்துதாலே?"

கற்பகவல்லிக்குக் கொடுத்த வாக்குக்காக அய்யாதுரை அவள் பேரைச் சொல்லாமல் கல்லில் கிடந்ததைத் திருப்பிப் போட்டார். பால்பாண்டி பாதி இலையில் கைகழுவிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு கடையில் சாப்பிட்டார். வீம்புக்கு, தினமும். "இங்கன உருண்டை நிறைவா இருக்குன்னு அய்யாதுரைட்ட சொல்லுங்கப்பா" என்று ஆள் வழியே சொல்லியும் விட்டார். தீபாவளி சீசன் முடியட்டும், லோடு ஓய்ந்ததும் நேரில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அய்யாதுரை இருந்தார். சீசன் முடியுமுன்னே, லாரி ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பால்பாண்டி சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரி வரை உயிர் தாங்கவில்லை.

பதினாறாம் நாள் படையலுக்கு முன்தினம் கற்பகவல்லி போன் பண்ணினாள்.

"அண்ணே, அவுகளுக்குப் பிடிச்சதைத்தான் வைக்கணும். உங்க கடைப் பரோட்டா கொண்டாருவீகளா?"

மறுநாள் அய்யாதுரையே மாவு முன் உட்கார்ந்தார். கை, பழக்கத்தில் சின்ன உருண்டையாகப் பிடித்தது. பிறகு இன்னும் கொஞ்சம் மாவு சேர்த்துப் பெரிதாக உருட்டி, வீசி, எண்ணெயில் முங்கப் போட்டார்.

படத்துக்கு முன் இலை விரித்திருந்தது. பரோட்டாவை வைக்கையில் கற்பகவல்லி மெல்லக் கேட்டாள்:

"நாந்தான் சொன்னேன்னு கடைசி வரைக்கும் அவுகட்ட சொல்லலையாண்ணே?"

"இல்லம்மா. நீ சொல்லியிருப்பேன்னு நினைச்சேன்."

"நானும் சொல்லல."

சால்னா வாளியில் கரண்டியை விட்ட அய்யாதுரையின் கை, எண்ணெயை ஒதுக்கப் போனது.

"ஒதுக்காதீக அண்ணே" என்றாள். "அப்படியே ஊத்துங்க."