திருவள்ளூர் வெளிச்சப் பெட்டியும் பதினேழு புள்ளிகளும்

வெண்புள்ளிக்கு ஒளி சிகிச்சை எடுக்க இந்த வழியில் வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை நான் கிளம்பியதே, "போதும் டாக்டர், விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு வரத்தான். புற ஊதா வெளிச்சப் பெட்டிக்குள் இருபது முறை நின்றாயிற்று. அரிப்பு, வறட்சி, சாயங்காலம் வரை சிவப்பு, எல்லாவற்றையும் பொறுத்தேன். ஆனால் இடது கையிலிருந்த வெள்ளைத் திட்டு பெரிதாகிக்கொண்டே போவதுபோல் இருந்தது. சுற்றியுள்ள தோலோ அடுப்புக்கரி. "போன நெறத்தைத் தேடி, இருந்த நெறத்தையும் தொலைச்சுக்கினு நிக்கிறியே" என்றாள் என் மனைவி ராணி. சொல்லிவிட்டுத் துணைக்கும் வந்தாள்.

காலை 6.10க்குக் கும்மிடிப்பூண்டியில் பஸ். பெரியபாளையத்தில் இறங்கி நாஷ்டா. இட்லியும் வடகறியும் இரண்டு பேருக்கு 90 ரூபாய். அங்கே பஸ் மாறி 8.50க்குத் திருவள்ளூர். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் ஆளுக்கு 58. போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள், வெயில் படாது.

கண்டக்டர் என் முகத்தையே பார்த்தார். "இன்னா சார், மூஞ்சி கறுத்துக்கினு கண்ணாண்ட மட்டும் வெள்ளையா கீது? வெல்டிங் வேலையா?"

சிப்காட்டில் நான் வெல்டர்தான். ஆனால் இது பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடியின் கைங்கரியம். நான் வாயைத் திறப்பதற்குள் ராணி முந்திக்கொண்டாள். "ஆந்தைக்கு வாக்கப்பட்டா முழிச்சுக்கினுதான் இருக்கணும்ணா." பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

ஆஸ்பத்திரியில் என் முடிவைச் சொன்னேன். நர்ஸம்மா என் ஃபைலிலிருந்து ஒரு கண்ணாடித்தாளை எடுத்தார். முதல் நாள் என் கைமேல் வைத்து, திட்டின் ஓரத்தை மார்க்கரால் வரைந்த தாள். அதே இடத்தில் மறுபடி வைத்தார். அடேயப்பா! கோட்டுக்கு உள்ளே சுற்றிலும் அரை விரல் அகலத்துக்குப் பழுப்புத் தோல். நடுவில் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள்.

"பெருசாவல சார். சுத்தி கறுத்துட்டதால வெள்ளை எடுப்பா தெரியுது, அவ்ளோதான். சின்னதாய்க்கினு வருது" என்றார்.

ராணி புள்ளிகளை எண்ணினாள். பதினேழு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அத்தனை சந்தோஷம். இருபத்தொன்றாவது முறையாகப் பெட்டிக்குள் போனேன்.

நீங்களும் முதல் நாளே அப்படி வரைந்து வைக்கச் சொல்லுங்கள். கண்ணை நம்பி ஏமாறாதீர்கள். சிவப்பு மறுநாளும் போகாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ, அடுத்த முறை பெட்டிக்குள் நிற்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். திரும்பும்போது முழுக்கைச் சட்டை கட்டாயம்.

என்னால்தான் அன்று சட்டைக் கையை இறக்கிவிட முடியவில்லை. பெரியபாளையம் வரை ராணி என் கையை விடவே இல்லை. பதினெட்டாவது புள்ளி கிடைத்துவிட்டதாம்.