சுடலைமுத்து தட்டிய இரண்டு தட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். திருவேங்கடம் பக்கம் ஒரு புளியமரத்தில் முனி தீ கக்குகிறது என்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது, ஏணி போட்டு ஏறி, கிளையில் உரசிக்கொண்டிருந்த கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு இறங்கியவன். அன்றோடு முனி காலி. டெஸ்டர் எரிந்தால் கரண்டு இருக்கிறது, எரியாவிட்டால் இல்லை, என் ஆன்மிகம் அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன், நடுவில் சிரிக்காமல் கேளுங்கள்.

என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது, தென்காசியிலிருந்து ஒரு குழு வீட்டுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்ட ஆட்களை வீட்டிலேயே வைத்துப் பார்க்கக் கைகொடுப்பவர்கள். ஒரு டீச்சர், ஒரு மளிகைக்கடைக்காரர், ஒரு ஆட்டோக்காரர், எல்லாம் நம்மூர் சனங்கள்தான். செங்கோட்டையிலிருந்து வரும் நர்ஸ் சாரதா, எல்லோருக்கும் சேச்சி, புண்ணைத் துடைப்பதும் ஆளைப் புரட்டிப் படுக்கவைப்பதும் எப்படி என்று கற்றுக்கொடுப்பார். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆள் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டால், முறை வைத்து ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார். வீட்டு ஆட்கள் அந்த நேரத்தில் குளிக்கலாம், ஒரு வாய் சாப்பிடலாம், கொஞ்சம் கண் அசரலாம். அடுத்த ஆள் வந்து பிடிக்கும்வரை அந்தக் கையை விடக்கூடாது, என்ன ஆனாலும் சரி. இதற்கு எங்களுக்குள் பெயர் கைப்பிடி. பேச்சி போகும்போது ஒரு கை என்னிடமும் ஒரு கை டீச்சரிடமும் இருந்தது. அதற்குப் பிறகு தனியாக வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நானும் அந்தக் குழுவில் சேர்ந்துகொண்டேன்.

அப்படிப் போன வீடுகளில் ஒன்றுதான் மேலகரத்தில் சுடலைமுத்து வீடு. குற்றாலம் மெயினருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் வெட்டிவேரும் இன்னும் என்னென்னவோ போட்டு அவரே காய்ச்சுவார், என்னென்ன என்று கேட்டால் சொல்ல மாட்டார். எனக்குக் கல்யாணமான புதிதில், சீசன் ஆரம்பித்துவிட்டால் வாராவாரம் பேச்சியைச் சைக்கிளில் வைத்துக் குற்றாலத்துக்கு மிதிப்பேன். அவள் பெண்கள் பக்கம் குளிக்கப் போய்விடுவாள், நான் சுடலைமுத்துவிடம் தலையைக் கொடுப்பேன். உச்சியில் கட்டைவிரலால் ஒரு அழுத்து, அங்கிருந்து வட்டம் வட்டமாகப் பிடரி வரை, காதுக்குப் பின்னால் விரல் நுனியால் கீழ்நோக்கி ஒரு இழுப்பு, கடைசியில் உச்சந்தலையில் டப் டப் என்று இரண்டு தட்டு. "முடிஞ்சுது, போய் நில்லும்வே" என்பார். அருவியில் நின்றுவிட்டு வந்தால் உலகமே லேசாக இருக்கும். அப்புறம் ஐந்தருவிப் பழக்கடைக்குப் போவோம், பேச்சி ஈரத்தலையோடு மங்குஸ்தான் உடைத்துச் சுளையை என் வாயில் போடுவாள். அடடா, என்ன நாட்கள்!

அந்தச் சுடலைமுத்துதான் வயிற்றில் புற்று வந்து கிடந்தார். கைகள் வீங்கி, தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. ஆனாலும் வலியைப் பற்றிப் பேச மாட்டார். அவருக்கு இருந்த ஒரே குறை வேறு. மகன் கணேசன் ராணுவத்தில் வடக்கே இருந்தான். லீவு முடிந்து கிளம்பும் அன்று விடியலில், அவனை அருவிக்கரைப் படியில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்து, குளிக்கவைத்துத்தான் அனுப்புவார். கடந்த முறை அவன் வந்தபோதே இவர் படுத்துவிட்டார்.

"எம்புள்ள காஞ்ச தலையோட போயிட்டான், கரண்டு அண்ணாச்சி" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி அழுவார். "ஊரு ஒலகத்துக்கெல்லாம் தேச்ச கையி. அவன் தலைய ஒருக்க தொட்டுட்டேன்னா போதும், சந்தோசமா போயிருவேன்."

கணேசன் லீவு கிடைத்துக் கிளம்பிவிட்டான் என்று தெரிந்ததும், எங்களால் முடிந்ததைச் செய்வோம் என்று ஆட்டோக்காரர் பஜாரில் ஒரு மூலிகை எண்ணெய் பாட்டில் வாங்கிவந்தார். மகன் வந்ததும் அப்பா கையைப் பிடித்து அவன் தலையில் வைத்துவிடலாம் என்று திட்டம். சுடலைமுத்து அதை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏன்வே, இது என்ன, மோட்டாருக்கு ஊத்துததா?" அந்த நிலைமையிலும் எங்களைச் சிரிக்கவைத்தார். அவர் காய்ச்சிய எண்ணெய் அந்த வீட்டில் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை, ஆவுடையம்மாள், அதாவது அவர் மனைவி, பழைய பாட்டில்களையெல்லாம் கவிழ்த்துப் பார்த்துவிட்டார். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மகன் வந்து சேரும் அன்று காலை கைப்பிடி என் முறை. வெளிச்சம் வந்திருந்தது, சாரல் பொழிந்துகொண்டிருந்தது. சுடலைமுத்து முந்தின நாளிலிருந்து கண் திறக்கவில்லை. கணேசன் அம்மாவுக்குப் போன் செய்தான், ரயில் சங்கரன்கோவில் தாண்டிவிட்டதாம்.

"அண்ணாச்சி, நீங்க பிடிச்சிக்கிடுதியளா? ரெண்டு செம்பு தண்ணி ஊத்திட்டு ஓடியாந்துருதேன்" என்று ஆவுடையம்மாள் பின்கட்டுக்குப் போனார்.

நான் குனிந்து, "வே, ஒம்ம மவன் வந்துட்டான், இன்னும் கொஞ்ச நேரந்தான், இரியும்" என்று காதில் சொன்னேன்.

அப்போதுதான் என் கைக்குள் அவர் கை அசைந்தது. கடைசி நேரத்தில் விரல்கள் சும்மா அசையும், பயப்படக்கூடாது என்று சேச்சி சொல்லியிருக்கிறார், நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் கட்டைவிரல் என் உள்ளங்கை நடுவில் வந்து அழுத்தியது. அங்கிருந்து வட்டம் வட்டமாகப் போனது. அப்புறம் ஓரத்துக்கு வந்து விரல் நுனியால் கீழ்நோக்கி ஒரு இழுப்பு. எனக்குப் பிடரி மயிர் சிலிர்த்துவிட்டது. எத்தனை சீசன் அந்தக் கைக்குத் தலையைக் கொடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா? தம்ளர் பிடிக்க முடியாத கைக்கு இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது? சொன்னால் வெட்கக்கேடு, கரண்டு கம்பியைத் தொட்டவன்போல உதறிவிட்டு ஓடத்தான் தோன்றியது. விடக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எவ்வளவு நேரம் தேய்த்தாரோ தெரியாது. கடைசியில் டப் டப் என்று என் கையில் இரண்டு தட்டு. ஒரு மூச்சை நீளமாக விட்டார். அடுத்த மூச்சு வரவில்லை.

ஆவுடையம்மாள் ஈரச் சேலையோடு ஓடிவந்து மேலே விழுந்து கதறினார். மகன் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாரே என்று எனக்கும் நெஞ்சு ஆறவில்லை. கணேசனுக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாசலில் ஆட்டோ நின்றது, பையைத் தூக்கிக்கொண்டு சாரலில் நனைந்தபடி வந்தான். "அப்பா முழிச்சிருக்காவளா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவனைத் தாய் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓலமிட்டார். அவன் தலையைத் தடவிய கை சட்டென்று நின்றது. கையைப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"ஏலே, தலையில என்னலே இது?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். ராணுவக்காரன், தலையில் ஒட்ட வெட்டிய முடி, அது எண்ணெயில் ஊறியிருந்தது. சாரல் துளிகள் தலையில் ஒட்டாமல் உருண்டன, காதுக்குப் பின்னாலிருந்து சட்டைக் காலர் வரை எண்ணெய் வழிந்திருந்தது.

"தெரியலம்மா. கடையநல்லூர் வரதுக்கு முன்னால கண்ணசந்துட்டேன். அப்பா தலைக்குத் தேச்சிவிடுத மாதிரி இருந்துச்சி. சொகமா இருந்துச்சா, அப்படியே கெடந்தேன். ரெண்டு தட்டு தட்டுனாவ, முழிச்சிட்டேன். பக்கத்து சீட்டு ஆளுதான், என்ன தம்பி, எண்ணெ வழியுதுன்னு கேக்காரு."

ஆவுடையம்மாள் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "இது அவிய காய்ச்சுத எண்ணெலா" என்றார். அந்த வாசனை எனக்கும் வந்தது. அந்த இரண்டு தட்டைப் பற்றி அதுவரை நான் யாரிடமும் வாயே திறக்கவில்லை. என் உள்ளங்கையை மோந்து பார்த்தேன், சோப்பு வாசனைதான் அடித்தது.

எங்கேயாவது லூஸ் கனெக்‌ஷன் இருக்கும் என்று நானும் எத்தனையோ யோசித்துவிட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. கைப்பிடிக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. ஆனால் போன சீசனில் தென்காசியில் ஒரு வீட்டில், கோயில் வாசலில் பூக்கட்டி விற்ற அம்மா ஒருத்தியின் கையைப் பிடித்திருந்தேன். போவதற்குச் சற்று முன் அவள் விரல்கள் என் விரல்களைச் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டன, பூ வைத்து முடிச்சு, பூ வைத்து முடிச்சு. நான் விடவில்லை. மதியம் வெளியூரிலிருந்து அவள் மகள் அழுதுகொண்டே வந்து, என்னைத் தாண்டி உள்ளே ஓடினாள். அவள் பின்னலைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்தபடியே செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.