தங்கச்சிக்கென்று எடுத்து வைத்த ட்ரம்

என் தங்கச்சியிடம் ஆறு வருடங்கள் ஒரு விஷயத்தை மறைத்தேன். அவளுடைய கர்ப்பப்பை போனதற்கு நான் காரணமாக இருக்கலாம் என்பதுதான் அந்த விஷயம். 'இருக்கலாம்' என்று எழுதுவதிலேயே ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. டொக்டர்மார் அப்படித்தான் பேசுவார்கள், ஆயிரம் காரணம் இருக்கலாம் என்று. ஆனால் அந்த ட்ரம்மைக் கையில் எடுத்தது டொக்டர்மார் இல்லை, நான்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் புத்தளம் கரையோரத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் எனக்குச் சிற்றூழியர் வேலை கிடைத்தது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. முதலில் வார்டில் நோயாளிகளின் வண்டி தள்ளினேன். பிறகு கிருமி நீக்கும் பகுதிக்கு அனுப்பினார்கள். சத்திரசிகிச்சைக்குப் பாவிக்கிற கத்தி, கத்தரி, துணி, பஞ்சு எல்லாம் ஒரு கதவால் அழுக்காக வந்து மற்றக் கதவால் சுத்தமாகப் போகிற இடம் அது. நோயாளிகள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. உம்மா அதைத் 'துணி அவிக்கிற இடம்' என்றுதான் சொல்வார். மன்னாரிலிருந்து ஒரு பையோடு துரத்தப்பட்டு வந்து, தில்லையடியில் ஓலைக் கொட்டிலுக்குள் எங்களை வளர்த்த மனுசி. மகன் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறான் என்பதே அவருக்குப் போதும், எதை அவித்தால் என்ன.

ஆனால் லேசான அவியல் இல்லை அது. கழுவுவதே பாதி வேலை. கத்தரியின் மூட்டை விரித்து, தூரிகையால் உரசி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இரத்தம் காய்ந்து ஒட்டிய இடத்தில் நீராவி படாது, நீராவி படாத இடத்தில் கிருமி சாகாது. எங்கள் பக்கத்துத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் வேறு. காய்ந்தால் சாமான் எல்லாம் வெள்ளை பூத்துவிடும். அதனால் சுத்திகரித்த தண்ணீரில் இன்னொரு தரம் அலச வேண்டும். பிறகு பொதி கட்டி, ஓட்டோகிளேவ் என்கிற பெரிய நீராவி இயந்திரத்துக்குள் ஏற்ற வேண்டும். சூடு எவ்வளவு, அமுக்கம் எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு தடவையும் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். பொதியின் மேல் ஒட்டுகிற நாடாவில் சூடு பட்டால் கறுப்புக் கோடு விழும். குறித்த நாட்களில் உயிருள்ள கிருமி அடைத்த சின்னக் குப்பி ஒன்றை உள்ளே வைத்து, அது செத்ததா என்று பார்ப்பார்கள். தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான நேர்ஸ் வந்து கொப்பியைப் புரட்டுவார். மேலிடத்திலிருந்தும் கையில் படிவத்தோடு ஆட்கள் வருவார்கள். என்னுடைய கொப்பியில் வெட்டுக்கொத்து இருக்காது, எழுத்தும் அழகு. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

துணியும் பஞ்சும் போவது ட்ரம்மில். வட்டமான எவர்சில்வர் டப்பா. அதன் பக்கத்தில் வரிசையாகத் துளைகள், துளைகளின் மேல் ஒரு பட்டி. பட்டியை ஒரு பக்கம் தள்ளினால் துளை திறக்கும், மறுபக்கம் தள்ளினால் மூடும். இயந்திரத்துக்குள் வைக்கும்போது நீராவி உள்ளே போகத் துளை திறந்திருக்க வேண்டும். வெளியே எடுத்ததும் காற்றுப் புகாமல் மூடிவிட வேண்டும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் எங்கள் பக்கம் மேசை, கட்டில், சோற்றுக் கோப்பை எல்லாம் மணல். அதனால் வார்டில் ட்ரம் வெறுமையானதுமே நேர்ஸ்மார் துளையை மூடித்தான் எங்களுக்கு அனுப்புவார்கள். துணி நிரப்பி உள்ளே வைக்கும்போது திறப்பது எங்கள் பொறுப்பு. திறக்க மறந்தால் கேட்பாரில்லை. நாடா ட்ரம்முக்கு வெளியே ஒட்டியிருக்கும், அதில் கோடு கறுப்பாகவே விழும். உள்ளே துணி வெறுமனே சூடாகியிருக்கும், அவ்வளவுதான். உள்ளேயும் நிறம் மாறுகிற ஒரு சோதனைக் கடதாசித் துண்டு வைக்க வேண்டும் என்பது விதி. நான் சொல்லப் போகிற சம்பவம் நடந்த மாதங்களில் அந்தத் துண்டு எங்களுக்கு வரவில்லை.

என்னோடு வேலை செய்தவர் சிலாபம் பக்கத்துச் சிங்களவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரைச் சிங்களத்தில் அண்ணன் என்கிற பொருளில் அய்யா என்பேன், அவர் என்னைத் தம்பி என்கிற பொருளில் மல்லி என்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நான் போக அவர் பார்த்துக்கொள்வார். போயா என்கிற பௌர்ணமி தினத்தில் அவர் பன்சலைக்குப் புத்தரைக் கும்பிடப் போக நான் பார்த்துக்கொள்வேன். ட்ரம்மை உள்ளே வைக்கிறவன்தான் துளையைத் திறக்க வேண்டும் என்பதும் எங்களுக்குள் இருந்த வழக்கம். அவர் வைத்ததை நான் தொட்டுப் பார்ப்பதில்லை, நான் வைத்ததை அவரும் தொட்டுப் பார்ப்பதில்லை. தொட்டுப் பார்த்தால் மற்றவனை நம்பாதது போல இருக்கும் என்று இரண்டு பேருமே கூச்சப்பட்டோம். மரியாதையாம் மரியாதை.

அந்த வெள்ளிக்கிழமை நான் பின்வரிசையை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே பாங்கு சொல்லிவிட்டார்கள்.

"மல்லி, போங்க போங்க. பள்ளிக்குப் பிந்தும். மிச்சம் நான் போடுறன்" என்றார் அய்யா.

கையிலிருந்த கடைசி ட்ரம்மை உள்ளே தள்ளிவிட்டு ஓடினேன். அவர் முன்வரிசையை அடுக்கி, கதவைப் பூட்டி, இயந்திரத்தை ஓட்டியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து ஆறியிருந்தது, அய்யா சாப்பிடப் போயிருந்தார். ஒவ்வொரு ட்ரம்மாக வெளியே எடுத்துத் துளையை மூடினேன். பின்வரிசையில் விளிம்பு கொஞ்சம் நசுங்கிய ட்ரம் ஒன்று. அதன் பட்டியைத் தள்ளினேன், அசையவில்லை. ஏற்கனவே மூடித்தான் இருந்தது.

அய்யா மூடியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன்வரிசையை எடுக்காமல் பின்வரிசைக்கு அவருடைய கை எப்படிப் போகும்? அந்தக் கேள்வியும் அப்போதே வந்தது, வராதது போல இருந்துவிட்டேன். அதைத் திரும்ப ஒரு தரம் அவித்திருந்தால் ஒரு மணித்தியாலம் போயிருக்கும். அய்யாவிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடம்தான். கேட்டால் மல்லி மறந்துவிட்டான் என்று ஆகிவிடுமே. நாடாவில் கோடு கறுப்பாக விழுந்திருந்தது. திகதி எழுதி, கையெழுத்து வைத்து, ட்ரம்மை மற்ற ட்ரம்களோடு அலுமாரித் தட்டில் ஏற்றினேன்.

அடுத்த நாள் காலை என் தங்கச்சிக்குச் சிசேரியன். அவளுக்கு இருபத்துநாலு வயது, முதல் பிள்ளை. ஆலங்குடாவில் படகுத் தொழில் செய்கிற மச்சானுக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். அண்ணனை நானா என்றுதான் எங்கள் வீட்டில் கூப்பிடுவது.

"நானா, நீங்க உள்ளுக்கு இருக்கிறதால எனக்குப் பயமில்ல" என்றாள்.

"ஒண்டுக்கும் பயப்படாத. உனக்கெண்டு நல்ல ட்ரம்மா எடுத்து வெக்கிறன்" என்றேன்.

பழைய திகதி போட்டதுதான் முதலில் போக வேண்டும் என்பது விதி. நான் தட்டின் முன்னால் இருந்த பழையவற்றை ஒதுக்கிவிட்டு, பின்னால் கைவிட்டு, அன்றைக்குத்தான் அவித்த ட்ரம் ஒன்றை எடுத்தேன். திகதியைத்தான் பார்த்தேன், வேறொன்றையும் பார்க்கவில்லை. காலையில் அதை என் கையாலேயே சத்திரசிகிச்சைத் தியேட்டர் வாசலில் கொடுத்தேன். பெண் குழந்தை. உம்மா அழுதுகொண்டே துஆ கேட்டார். மத்தியானம் தியேட்டரிலிருந்து வெறும் ட்ரம்கள் திரும்பி வந்தன. அவளுக்குத் திறந்த ட்ரம்மின் விளிம்பு நசுங்கியிருந்தது. அந்த நேரமே மேலே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. பால் கட்டின காய்ச்சலாக இருக்கும் என்றார்கள். பகல் ஒரு தரமும் வேலை முடிந்து ஒரு தரமும் கட்டிலடியில் போய் நின்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் அப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் காயத்திலிருந்து நாற்றம் வந்த பிறகுதான் எல்லோரும் ஓடினார்கள். அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கே இன்னொரு தரம் வயிற்றைத் திறந்து, உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று மச்சானிடம் கையெழுத்து வாங்கினார்கள். உயிர் தப்பினாள்.

விசாரணை நடந்தது. தொற்றுத் தடுப்பு நேர்ஸ் எங்கள் அறைக்கு வந்து கதிரையைப் போட்டு உட்கார்ந்து கொப்பியைப் பார்த்தார். சூடு சரி, அமுக்கம் சரி, நிமிடம் சரி. கையெழுத்து இருக்கிறது. அந்தக் கிழமை வைத்த குப்பியில் கிருமி செத்திருக்கிறது. இயந்திரத்தில் பிழை இல்லையே, குப்பிக் கிருமி எப்படித் தப்பும்? துளை திறந்திருந்ததா என்று எழுத அந்தக் கொப்பியில் நிரல் இல்லை. அதனால் அவரும் கேட்கவில்லை. "கொப்பி நல்ல ஒழுங்கா வெச்சிருக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு, தொற்று எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என எழுதிக்கொண்டு போனார். நான் அவருக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன்.

மச்சான் சும்மா இருக்கவில்லை. கொழும்புக்கு முறைப்பாடு எழுதப் போவதாகக் கடதாசியும் பேனாவுமாக வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், உள்ளுக்கு நடக்கிறது உங்களுக்குத்தானே தெரியும். ஆருக்கு எழுதணும் எண்டு சொல்லுங்க, எழுதுவம்."

"எழுதி என்னத்த? கொப்பி எல்லாம் சரியா இருக்கு. நானே பார்த்தன்" என்றேன்.

அவர் என்னை நம்பினார். அல்லாஹ்வுடைய நாட்டம் என்று சொல்லி, கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் என்னை அடித்திருந்தால்கூட அன்றிரவு நித்திரை வந்திருக்கும்.

அதன் பிறகு ஒவ்வொரு துளையையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் கதவைப் பூட்டினேன். அய்யா வைத்ததையும் தடவினேன். அவர் முகம் சுருங்கியது. கொப்பியின் ஓரத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, 'துளை பார்த்தது' என்று ஒரு நிரல் போட்டேன். அடுத்த தரம் மேலிடத்திலிருந்து வந்தவர், படிவத்தில் இல்லாததை எழுதக் கூடாது என்று அதைச் சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டார். நான் விதிப்படி பழைய ட்ரம்மைக் கொடுத்திருந்தால் இது வேறு யாரோ ஒருத்திக்கு நடந்திருக்கும், எனக்குத் தெரியவே வந்திருக்காது. அதற்கு முந்திய வருடங்களில் எத்தனை வெள்ளிக்கிழமைகள் இப்படி ஓடினேன் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் சோறு இறங்காது. தொழுகையில் நின்றாலும் இதுதான் ஓடும். தொழுது எனக்கு நிம்மதி கிடைத்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆறு வருடம் போனது. தங்கச்சி வீட்டில் தையல் தைக்கிறாள். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு நாள் நான் போயிருந்தபோது, சட்டை தைக்கக் கொடுத்திருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தது. நிறைமாதம். பிள்ளைப்பேற்றுக்கு எங்கே போவது என்று பயந்து பயந்து கேட்டது. தங்கச்சி என்னைக் காட்டினாள்.

"பயப்படாம எங்கட நானாட ஆஸ்பத்திரிக்கே போங்க. எனக்கு வந்தது என்ட நஸீபு, அல்லாஹ் எழுதினது. இவங்க எனக்கெண்டு தனியா ட்ரம் எடுத்து வெச்சவங்க. உங்களுக்கும் சொன்னா எடுத்து வெப்பாங்க."

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. அதற்கு மேல் எனக்கு முடியவில்லை.

"அந்த ட்ரம்முக்குள்ள ஆவி போகல்ல. துளை திறக்க நான் மறந்துட்டன்" என்றேன்.

தையல் மெஷினின் சில்லைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "எப்பத் தெரியும்?"

"அண்டைக்கே."

"அண்டைக்கே எண்டா? என்ன வெட்டுறத்துக்கு முந்தியா, பிந்தியா?"

"சந்தேகம் முந்தி. நிச்சயமாத் தெரிஞ்சது பிந்தி. அண்டு மத்தியானம்."

ஊசிக்கடியில் இருந்த துணியை உருவி மடித்தாள். பிறகு, "காய்ச்சல் வந்த நேரம் சொல்லியிருந்தா டொக்டர்மாருக்கு வெளங்கியிருக்குமா? வேற மருந்து தந்திருப்பாங்களா?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்குத் தெரியும். அந்த வேலையில் இத்தனை வருடம் இருந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? "ஓம்" என்றேன்.

"மறதி மனிசனுக்கு வாறதுதான் நானா. ட்ரம்ம நான் மன்னிச்சிருப்பன். ரெண்டு நாளும் கட்டிலடியில வந்து நிண்டீங்க. என்ட நெத்தியில கை வெச்சுப் பார்த்தீங்க."

எழுந்து குசினிக்குள் போனாள். தேத்தண்ணி போடப் போகிறாள் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்லும்வரை அவள் வெளியே வரவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

மச்சானிடம் அவள் சொல்லவில்லை போல, அவர் இன்னும் என்னோடு சிரித்துக் கதைக்கிறார். உம்மாவுக்கும் தெரியாது. போன பெருநாளன்று காலை பத்து மணிக்குத் தங்கச்சியின் மகளுக்குச் சட்டை வாங்கிக்கொண்டு போனேன். அந்தச் சின்னவள்தான் கதவைப் பாதி திறந்து, சட்டை இருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"உன்ட உம்மா எங்க?" என்று கேட்டேன்.

"தூங்குறாங்க, மாமா" என்றாள். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.