ஜலீலாவின் தொண்ணூற்றைந்து டிகிரி

கொர்பா ஊரில் எங்கள் தக்காளி ஆலையில், வரும் வண்டிகளை நிறுத்துப் பார்க்கும் எடைமேடைக்காரன் நான். ஆகஸ்ட் வந்தால் வரிசையில் நிற்கும் டிராக்டர்காரர்கள் என் பரம்பரையையே இழுத்து ஏசுவார்கள். அந்த வருடம் ஏச்சு முழுவதும் ஜலீலாவுக்குப் போனது.

ஜலீலா ஆலையின் மின்சார, கருவி இஞ்சினியர். காபெஸ் நகரத்தில் படித்தவள். கூடப் படித்தவர்கள் பிரான்சுக்குப் பறக்க, இவள் ஊரோடு வந்து சேர்ந்தாள். மீட்டர் ஒரு டிகிரி தப்பாகக் காட்டினாலும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவாள். பெரிய பிடிவாதக்காரி.

தக்காளிக் கூழ் தொண்ணூற்றைந்து டிகிரிக்குச் சூடேறினால்தான் டப்பாவுக்குப் போகும். இல்லாவிட்டால் கிருமி சாகாது, சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து என்று வால்வு திருப்பி அனுப்பிவிடும். சூட்டை அளந்து சொல்லும் சென்சார் செவ்வாய்க்கிழமை கருகிவிட்டது. புதியது வர வெள்ளிக்கிழமை ஆகும். வெளியே வெயிலில் நாற்பது டிராக்டர்கள், ஒழுகும் தக்காளியோடு. அதில் பன்னிரண்டாவது அவள் அப்பா மொங்கியுடையது. அந்த வருடத்து விளைச்சல் மொத்தமும் அதில்தான் இருந்தது.

மேனேஜர் லஸாத் அவளைப் பிடித்துக்கொண்டார். "உன் பையில ஒரு பெட்டி இருக்கே, சென்சார் மாதிரியே சிக்னல் கொடுக்குமே. தொண்ணூத்தஞ்சுன்னு வெச்சு மாட்டி விடேன்."

"அது சோதனை பண்றதுக்கு சார். அத மாட்டிட்டா உள்ள நிஜமா எவ்வளவு சூடுன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"ஊரே வெளில நிக்குது. உனக்கு மட்டும்தான் மனசாட்சியா?"

பொய் சொல்ல மாட்டேன், நானும் மாட்டிவிடு என்றுதான் சொன்னேன்.

அவள் வாசலுக்கு வந்து அப்பாவிடம் கெஞ்சினாள். "வேற ஆலைக்குக் கொண்டு போப்பா."

"எங்க போனாலும் வரிசைதான். நீ இருக்கேன்னுதானேம்மா இங்க வந்தேன்."

அப்போது சங்கு ஊதியது. உள்ளே இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. அவள் ஓட, நானும் பின்னால் ஓடினேன். அவளுடைய பை வாய் பிளந்து கிடந்தது, பெட்டியின் வயர்கள் பேனலுக்குள். பதிவுத் தாளில் பேனா ஸ்கேல் வைத்துப் போட்டதுபோலக் கோடு இழுத்துக்கொண்டிருந்தது. நிஜமான சூட்டின் கோடு கொஞ்சமாவது நடுங்கும். அவள் வயரைப் பிடுங்கப் பாய்வதற்குள் லஸாத் பேனலைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "உங்கப்பா வண்டிய முதல்ல விடச் சொல்லிட்டேன், போ."

வாசலில் மொங்கி அவள் நெற்றியில் முத்தமிட்டுக் கத்தினார். "எம் பொண்ணு சரி பண்ணிட்டா!" நாற்பது டிராக்டர்காரர்களும் கை தட்டினார்கள். அவள் அவர் கையை விலக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது.

அன்றே தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். பதிவுத் தாளில் ஒரு குறையும் இல்லை என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மொங்கி வீட்டில் கூஸ்கூஸ் விருந்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். லஸாத் அன்பளிப்பாகக் கொடுத்த டப்பாக்களில் ஒன்றை அவள் அம்மா திறக்கப் போனாள். ஜலீலா பிடுங்கிக்கொண்டாள்.

"ஏம்மா? நம்ம தக்காளி, நீ சரி பண்ண மெஷின்ல வந்தது!" என்றார் மொங்கி.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மொங்கி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் டப்பாக்களைக் கொல்லைக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக உடைத்துக் குழியில் கொட்டினார். திரும்பி வந்து, "அவ்வளவுதாம்மா, முடிஞ்சுது" என்றார்.

"மிச்சமெல்லாம் நேத்தே லாரி ஏறிடுச்சுப்பா. கடை கடையாப் போய்ப் பிடுங்க முடியுமா?"